ஒன்றரை நாள் சைவம்

மே 19, ஞாயிறு

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். என்னோடு தங்கியிருக்கும் மாரிசெல் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். தன்னுடைய வேலை ஒப்பந்தம் முடிவதால் ஜூன் கடைசியில் பிலிப்பைன்ஸுக்கே திரும்பிவிடுவதாகச் சொன்னாள். "உன் அம்மா சந்தோஷப்படுவார்" என்றேன். அவள் எழுந்து போன பிறகுதான் இந்த வாடகை வீடு அவள் பெயரில் இருப்பது நினைவுக்கு வந்தது. பள்ளிக்கு நான் போவதும் அவளுடைய காரில்தான்.

வட கரோலினாவின் இந்தச் சின்ன ஊருக்குக் கணக்கு ஆசிரியையாக வந்து பத்து மாதம் ஆகிறது. இங்கே பேருந்து கிடையாது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் ஓர் அறை கிடைத்தால் இன்னொரு வருடம் இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஊருக்குத்தான். ஜூன் ஏழாம் தேதிக்குள் இருக்கிறேனா போகிறேனா என்று பள்ளியில் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும்.

மடித்த துணிகளை மறுபடி கலைத்து மடித்தேன்.

மே 22, புதன்

விளம்பரத்தில் பார்த்த இரண்டு அறைகளும் போய்விட்டன. தக்காளி வாங்க மறந்துவிட்டேன்.

மே 24, வெள்ளி

வரலாறு எடுக்கும் மிஸஸ் ஹாலோவே என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வர்ஜீனியாவுக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறார்களாம். மூன்று நாள். இங்கிலாந்துக்காரர்கள் முதன்முதலில் நிலையாகக் குடியேறிய ஜேம்ஸ்டவுன், பழைய தலைநகரமான வில்லியம்ஸ்பர்க், விடுதலைப் போரின் பெரிய சண்டை முடிந்த யார்க்டவுன். துணைக்கு வரவேண்டிய ஆசிரியை ஒருவருக்கு உடம்பு சரியில்லை, நீ வருவாயா என்று கேட்டார்.

எனக்கு இல்லை என்று சொல்ல வராது. தலையாட்டினேன்.

"உனக்குத் துணை இருக்கிறது. எட்டாம் வகுப்பில் படிக்கும் தாரிணியின் அம்மாவும் வருகிறார். உங்கள் மொழிதான் என்று நினைக்கிறேன்" என்றார்.

ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். "தமிழ் ஆளா? அப்பம் கவல இல்ல" என்றாள். அம்மாவுக்கு அங்கே விடிந்திருந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

மே 28, செவ்வாய்

பையில் இரண்டு சுடிதார், ஸ்வெட்டர், தைலம். மாரிசெல் தன் குடையைக் கொடுத்தாள். மூன்று நாளும் மழை இல்லை என்று போன் காட்டுகிறது. குடையை வைத்துக்கொண்டேன்.

மே 29, புதன். ஜேம்ஸ்டவுன்

காலையில் பேருந்து கிளம்பி ஒரு மணி நேரத்திலேயே எனக்குக் குமட்டியது. பின்னாலிருந்து ஒருவர் எழுந்து வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் பையை வாய்க்கு நேராக நீட்டினார். "எடுத்துரு, எடுத்துரு. கூச்சப்படாத" என்று தமிழில் சொன்னார். அதுதான் தாரிணியின் அம்மா, காந்திமதி அக்கா. வாய் துடைக்கத் தன் துண்டையே கொடுத்தார். நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டார். அடுத்த இருக்கைக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"டீச்சர், உங்க பேரு?"

"பேச்சியம்மாள். இங்க மிஸ் பேச்சின்னு கூப்பிடுவாங்க."

"அட, நம்ம பக்கத்துப் பேருல்லா! எந்த ஊரு?"

"அம்பாசமுத்திரம் பக்கம். மேலப்புளியூர்."

"நான் பாளையங்கோட்ட. என்னட்டி இது, இந்தக் காட்டுக்குள்ள வந்து நம்ம ஊரு ஆளு!"

அதற்குப் பிறகு அவர் என்னை டீச்சர் என்று அழைக்கவில்லை. நீ, வா, போ என்றுதான். எனக்கு அது பிடித்திருந்தது. இங்கே யாரும் என்னைத் தெரிந்தவர்கள் போலப் பேசியதே இல்லை.

மதியம் ஒரு பர்கர் கடையில் நிறுத்தினார்கள். என் வயிறு இன்னும் அடங்கவில்லை. மாமிசத்தை எடுத்து வைத்துவிட்டு ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் மட்டும் கொறித்தேன். காந்திமதி அக்கா பார்த்துவிட்டார்.

"நீயும் சைவமா? அதான பாத்தேன். மொகத்தப் பாத்தாலே தெரியுதுல்லா. நம்ம பழக்கம் எங்க போனாலும் போகாது."

நான் சிரித்தேன். என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் சிரிப்பேன். கல்லூரியிலும் அப்படித்தான்.

"அப்பா என்ன செய்யுதாங்க?"

"செங்கச் சூளை."

"சூளை வச்சிருக்காங்களா! அம்பாசமுத்திரம் பக்கம் அதுக்கு நல்ல மண்ணாச்சே."

அதற்கும் சிரித்தேன்.

ஜேம்ஸ்டவுனில் மரக் கழிகளை நட்டுக் கோட்டை போல மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். ஆற்றில் பழைய காலக் கப்பல்களைப் போலச் செய்த மூன்று கப்பல்கள். இவ்வளவு சின்னதிலா கடல் தாண்டினார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். வந்தவர்கள் ஒரு குளிர்காலத்தில் பட்டினி கிடந்து, குதிரையைத் தின்று, நாயைத் தின்று, செருப்புத் தோலையும் வேகவைத்துத் தின்ற கதையை வழிகாட்டி சொன்னார். தாரிணி கையைத் தூக்கி, "சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"நம்ம ரெண்டு பேரும்னா மொத வாரமே போய்ச் சேந்திருப்போம்" என்று காந்திமதி அக்கா என் தோளில் இடித்தார்.

எங்கள் வீட்டு ஆட்கள் என்றால் செருப்புத் தோல் வரைக்கும் போக விட்டிருக்க மாட்டார்கள், ஆற்றில் அவ்வளவு மீன் இருக்கும்போது. நினைத்ததோடு சரி, சொல்லவில்லை.

விடுதியில் எனக்கும் அவருக்கும் ஒரே அறை. சாயங்காலம் பையைத் திறந்தார். புளியோதரை, வடகம், இரண்டு எவர்சில்வர் டம்ளர், காபித் தூள். "பேப்பர் கப்புல குடிச்சா எனக்குக் காபி மாதிரியே இருக்காது" என்று டம்ளரில் ஆற்றிக் கொடுத்தார். ஒரே டப்பாவில் இருவரும் கை விட்டுச் சாப்பிட்டோம். அறை தேடுவதைச் சொன்னேன். எப்படி வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை. சோறுதான் காரணமாக இருக்கும்.

"ஏ, மண்டு! எங்க வீட்டுல கீழ ஒரு ரூம் சும்மாதான கெடக்கு. ஸ்கூலுக்குப் பத்து நிமிஷ நட. வாசச் சாவி ஒண்ணு தந்துருதேன். மாடியில என்கூடவே சமையல். தாரிணிக்குக் கணக்குச் சொல்லிக் குடு, போதும்."

"நெசமாவாக்கா?"

"பின்ன? வேத்து ஆளையா வைக்கப் போறேன்?"

குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். நல்ல அழுகைதான். மீன் இல்லாமல் ஒரு வருடம் இருக்கலாம். இருக்க முடியாதா என்ன. சூளை விஷயத்தை மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மே 30, வியாழன். வில்லியம்ஸ்பர்க்

காலையில் காந்திமதி அக்கா குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார். "இங்க வா" என்று என் நெற்றியிலும் பூசி, கண்ணில் விழாமல் கையால் மறைத்து ஊதிவிட்டார்.

வில்லியம்ஸ்பர்க் முழுக்கப் பழைய கால உடுப்புப் போட்டவர்கள். தொப்பி வைத்த ஒருவர் எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். பதிலுக்கு நானும் கும்பிட்டுவிட்டேன். பிள்ளைகள் நாள் முழுக்க என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு செங்கல் அறுக்கும் இடத்துக்குப் போனோம். தரையில் ஒரு குழி, அதில் களிமண்ணும் தண்ணீரும். நீளப் பாவாடை கட்டிய பெண் ஒருவர், "யார் மிதிக்கிறீர்கள்?" என்று கேட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டார்கள். தாரிணிதான் முதலில் காலுறையைக் கழற்றினாள்.

"ஏ, சகதிட்டி! வேண்டாம்!" என்று காந்திமதி அக்கா கத்தினார். அதற்குள் இறங்கிவிட்டாள். நான்கு அடி வைத்தாள். கால் ஒட்டிக்கொண்டது. இழுத்தாள், வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு வரை மண். பையன்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். முதலில் அவளும் சிரித்தாள், பிறகு உதடு கோணியது.

என் கைப்பையை அக்காவிடம் கொடுத்தேன். அவர் தோளில் மாட்டிக்கொண்டார். செருப்பைக் கழற்றி, சுடிதாரை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு இறங்கினேன்.

"காலை மேலே இழுக்காதே. குதிகாலை மட்டும் தூக்கு. காற்று உள்ளே போகட்டும், மண்ணே விட்டுவிடும்" என்றேன். விட்டது. எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே மேலே ஏற்றியிருக்கலாம். ஆனால் மண் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. பத்து மாதமாக என் கால் மண்ணில் படவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று இருவரும் சுற்றி மிதித்தோம். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். போன் வைத்திருந்த பையன்களும்.

"நீங்கள் இதற்கு முன்னால் செய்திருக்கிறீர்களா?" என்று பாவாடைக்காரப் பெண் கேட்டார்.

என் ஆங்கிலம் கணக்கு வகுப்புக்கு வெளியே சரியாக வராது. இன்று வந்தது. "என் அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளையில் கூலிக்கு வேலை செய்கிறார்கள். லீவு விட்டால் நானும் போய் மிதிப்பேன். கல்லூரி முடிக்கும் வரைக்கும்."

பிள்ளைகள், "மிஸ் பேச்சி! மிஸ் பேச்சி!" என்று கை தட்டினார்கள். என் முகம் சூடாகிவிட்டது. ஆனால் சந்தோஷமாக இருந்தது.

அந்தக் காலத்தில் இங்கே செங்கல் வேலையில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், பிள்ளைகளும் ஈரக் கல்லைச் சுமந்தார்கள், சில பழைய கற்களில் அவர்கள் விரல் பதிந்த தடம் அப்படியே இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னார். பிள்ளைகள் உடனே பக்கத்துச் சுவரில் தேட ஓடினார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

நான் மேலே ஏறியபோது என் கைப்பை பெஞ்சின் மேல் இருந்தது. காந்திமதி அக்கா தாரிணிக்கு மாற்றுத் துணி எடுக்கப் போயிருந்தார்.

விடுதிக்குத் திரும்பும்போது பேருந்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். தாரிணியின் மண் பட்ட துணியைப் பையில் சுருட்டி வைத்தார்.

"அப்பம் சூளை உங்களுது இல்லையா?"

"இல்லக்கா. வேற ஆளுது."

"மேலப்புளியூர்ல வீடு எங்க? ஊருக்குள்ளயா?"

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

"ஓ" என்றார்.

எங்கள் பக்கத்து ஊர்களில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்றால் காலனி. பாளையங்கோட்டைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே நல்ல மரங்கள்.

அறைக்கு வந்ததும் வழக்கம்போலக் காபி போட்டார். எனக்கு விடுதியின் பேப்பர் கப்பில் ஊற்றி மேஜையில் வைத்தார். குடித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாம், கழுவுகிற வேலை இல்லை. வசதிதான்.

இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வெளியே போனோம். பொரித்த கோழி வந்தது. தட்டு என் பக்கம் வந்தபோது இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த தாரிணி, "மிஸ் பேச்சி, நீங்கள் சைவம் என்று அம்மா சொன்னாரே?" என்று கேட்டாள். "இல்லை, நேற்று வயிறு சரியில்லை" என்றேன். கோழி நன்றாக இருந்தது. உப்புத்தான் கொஞ்சம் கூட.

"தாரிணிக்கு மேலு சுடுத மாதிரி இருக்கு டீச்சர். நான் இன்னைக்கு அவ ரூம்ல படுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுக் காந்திமதி அக்கா பையை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு கட்டில் இருக்கிற அறை முழுக்க எனக்கே. கால் நீட்டிப் படுத்திருக்கிறேன்.

மே 31, வெள்ளி. யார்க்டவுன்

காலைச் சாப்பாட்டில் தாரிணி தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காய்ச்சல் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"யாருக்குக் காய்ச்சல்? நாங்கள் ஏற்கெனவே நாலு பேர். அம்மாவும் வந்து படுத்தால் எப்படி? நீங்கள் ராத்திரி குறட்டை விடுகிறீர்களாமே. உண்மையா?"

கொஞ்சம் யோசித்தேன்.

"ஆமாம். பயங்கரமாக விடுவேன்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

யார்க்டவுனில் பீரங்கிகள், மண் அரண்கள். இங்கிலாந்துப் படை இங்கேதான் ஆயுதங்களைக் கீழே வைத்தது என்று மிஸஸ் ஹாலோவே கையை வீசி வீசிச் சொன்னார். பிறகு பிள்ளைகளை ஆற்றங்கரையில் ஐஸ்கிரீம் வாங்க விட்டார்கள். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காந்திமதி அக்கா வந்தார். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"டீச்சர், அந்த ரூம் விஷயம்."

"சொல்லுங்கக்கா."

"ரூம் உங்களுக்குத்தான். வாக்குக் குடுத்தா குடுத்ததுதான். ஆனா எங்க அத்தை ஜூலைல ஊருல இருந்து வாராங்க. ஆறு மாசம் இருப்பாங்க. பழைய ஆளு பாத்துக்கிடுங்க. எனக்கு ஒண்ணும் கெடையாது. நான் இதெல்லாம் பாக்கவே மாட்டேன். அவங்களுக்குத்தான்."

நான் ஆற்றைப் பார்த்தேன்.

"தோட்டத்துப் பக்கம் தனி வாசல் இருக்கு. உங்களுக்கும் ஃப்ரீயா இருக்கும். ஒரு கரண்ட் அடுப்பு வாங்கிக் கீழயே வச்சுக்கிடலாம். மாடிக்கு வரணும்னு அவசியமே இல்ல."

பத்து நிமிட நடை. கையெழுத்துப் போட இன்னும் ஒரு வாரம். நாற்பது விளம்பரம் பார்த்தாயிற்று. தனி வாசலுக்குப் பூட்டு நன்றாக இருக்குமா என்றுகூட யோசித்துவிட்டேன். கரண்ட் அடுப்பு என்னிடமே ஒன்று இருக்கிறது. சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. என் வாயில் எப்போதும் அதுதானே வரும்.

நான் பேசாமல் இருந்தது அவரைச் சங்கடப்படுத்தியிருக்க வேண்டும்.

"நீங்க மொதல்லயே சொல்லிருக்கலாம் டீச்சர்" என்றார்.

"எதக்கா?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் கேட்ட பிறகு பதில் வேண்டும் என்று தோன்றியது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறந்தார். மூடினார். கைக்குட்டையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார். ஆற்றில் ஒரு படகு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. யாராவது இப்படிச் சிரமப்பட்டால் நான்தான் முதலில் சிரித்து, பரவாயில்லை என்று சொல்லி முடித்துவைப்பேன். இன்று சிரிக்கவில்லை.

அவர் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

"ரூம் வேண்டாம்க்கா. நான் வேற பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"கோவமா?"

"இல்லக்கா. பஸ்ல என் தலையப் பிடிச்சிக்கிட்டீங்கல்லா, அத மறக்க மாட்டேன்."

அவர் கண் கலங்கியது. ஏன் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்றுதான் தெரியவில்லை.

திரும்பும் வழியில் குமட்டவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

சுடிதாரில் ஒட்டிய மண் போகவில்லை. மாரிசெல் ஏதோ பொடி போட்டு ஊற வைத்திருக்கிறாள். அறை விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். சரிப்படவில்லை என்றேன். ஏன் என்றாள். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவள் எழுந்து போய் இரண்டு மீன் துண்டுகளைப் பொரித்து எடுத்து வந்தாள்.

ஜூன் 4, செவ்வாய்

அறை இல்லை. வெள்ளிக்கிழமை ஆண்டுத் தேர்வு.

ஜூன் 7, வெள்ளி

பள்ளி முடிந்ததும் அலுவலகத்துக்குப் போய், அடுத்த வருடமும் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். எங்கே தங்கப் போகிறேன் என்று தெரியாமலே போட்டேன். வாசலில் தாரிணி நின்றாள். "அடுத்த வருடம் எங்களுக்கு நீங்கள் கிடையாது, நாங்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறோம், தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். கும்பிட்டுவிட்டு ஓடினாள்.

ராத்திரி அம்மா போன் செய்தாள்.

"ரூம் கெடச்சிட்டா?"

"இல்லம்மா. தேடிக்கிட்டிருக்கேன்."

"அந்தப் பாளையங்கோட்டக்கார அக்கா வீடு இருக்குன்னியே?"

"அது சரிப்படல."

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அவள் பக்கம் மாடு மணி ஆட்டுகிற சத்தம் கேட்டது.

"அங்கயுமாட்டி?" என்றாள்.

அவளுக்குப் பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். தாரிணியிடம் சொன்ன மாதிரி.

"ஆமாம்மா. ஆனா ஒரு வீட்டுலதான். வேற வீடு நெறைய கெடக்கு. நாளைக்கு ரெண்டு பாக்கப் போறேன்."

"பாத்துப் போ" என்றாள். பிறகு, "நீ மண்ணு மிதிச்ச படம் அனுப்பிருந்தியே. கால நல்லாத் தேச்சுக் கழுவுனியா, வெரலிடுக்குல புண்ணு வந்துரும்" என்றாள்.

கழுவினேன் என்றேன்.